நூலகமும் நாமும்



நம் மன்றத்து மலரில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் நல்ல நல்ல கட்டுரைகள் வெளிவருகின்றன. படிக்கிறோம், மகிழ்கிறோம், எழுதியவரைக் கண்டால் பாராட்டுகிறோம். ஆனால், அந்தக் கட்டுரையை எழுதுவதற்கு வேண்டிய நூல்களை அவர் எங்கே தேடினார், எத்தனை நாள் அலைந்தார், எதைக் கிடைக்காமல் கைவிட்டார் என்று நாம் கேட்பதில்லை. சோற்றின் சுவையைப் புகழ்கிறவர்கள், நெல் விளைந்த வயலைப் பற்றிக் கேட்காதிருப்பதைப் போன்றதுதான் இது. அந்த வயலைப் பற்றிச் சில சொற்கள் எழுதலாம் என்று எண்ணுகிறேன். வயல் என்று நான் சொல்லுவது நம் பல்கலைக்கழக நூலகத்தை.

நூலகம் என்றதும் சிலருக்குத் தூக்கம் வரும். சிலருக்குத் தேர்வு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது இடம். ஆம், உட்காருவதற்கு ஓர் இடம்! இதைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பசார் சாலையில் மிளகும் சுக்கும் விற்கும் கடையொன்றில் கணக்கெழுதினார். அப்பாவும் அதே தொழில். எங்கள் வீடு இரண்டே அறை. அதில் ஆறு பேர். மாலையானால் ஓர் அறையில் தம்பிகள் சண்டை. மற்றோர் அறையில் தொலைக்காட்சி. வாசலில் அமர்ந்து படிக்கலாம் என்றால், சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகளின் ஓசை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகின்ற மாணவிக்கு நூலகத்தின் நாற்காலி ஒன்று எவ்வளவு பெரிய சொத்து என்பதை, தனி அறையில் படித்து வளர்ந்தவர்கள் அறிவது அரிது.

மட்டாஞ்சேரியைப் பார்க்காத தோழர்களுக்காக ஒரு செய்தி. அது சிறிய ஊர். ஆனால் அங்கே பேசப்படும் மொழிகளோ பல. ஒரு தெருவில் கொங்கணி, அடுத்த தெருவில் குசராத்தி, அதற்கடுத்துத் தமிழ், எங்கும் மலையாளம். 1568-ல் கட்டப்பட்ட யூதர்களின் தொழுகைக்கூடம் ஒருபுறம். போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்து, பிறகு டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகை ஒருபுறம். சற்றுத் தள்ளி, ஃபோர்ட்டுக் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் தோபிக்கானா இருக்கிறது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே உழைத்து வாழ்கின்றனர். ஆக, கொச்சியில் தமிழ் நேற்று வந்த விருந்தாளி அன்று. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் உறவு.

ஆயினும், பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை எனக்குக் கற்பித்தவர் என் அப்பத்தா. நாட்காட்டித் தாளைத்தான் பாடநூலாக்கினார். நாள்தோறும் ஒரு தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, “இதில் என்ன போட்டிருக்கு, வாசி ஆத்தா” என்பார். நல்ல நேரம், இராகு காலம், சூலம், பரிகாரம் ஆகியவையே என் முதற் தமிழ்ப் பாடங்கள். நாட்காட்டி தீர்ந்துபோனால் பாடமும் தீர்ந்துபோகும். வீட்டில் வேறு தமிழ் நூல் கிடையாது.

பிறகு எனக்குக் கைகொடுத்தது எங்கள் பகுதியிலிருந்த வாயனசாலை. கேரள நாட்டில் நூலகம் என்பது மக்கள் இயக்கமாக வளர்ந்ததன் வரலாறு நம்மவரில் பலருக்குத் தெரியாது. பி. என். பணிக்கர் என்னும் பள்ளி ஆசிரியர் 1945-ல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு ஊர் நூலகங்களை ஒன்றுகூட்டிச் சங்கம் அமைத்தார். ஊர் ஊராக நடந்தார். “வாசித்து வளர்க” என்பதே அவர் முழக்கம். இன்று கேரள மாநில நூலகக் குழுவோடு இணைந்த நூலகங்கள் எண்ணாயிரத்துக்கும் மேல். அவர் மறைந்த சூன் 19-ஆம் நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஓர் ஆசிரியரின் கால்நடை ஒரு நாட்டையே படிக்க வைத்தது! எங்கள் வாயனசாலையில் நான் மலையாள நூல்களைப் படித்துத் தள்ளினேன். தமிழ் நூல்? அங்கே ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனால் தமிழ் நூல்கள் இருக்கும் என்று அப்பா சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பியே நான் முதல் நாள் நம் நூலகப் படியேறினேன்.

படியேறியபின் கண்டது என்ன? குறை நிறை இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

முதலில் நேரம். நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிறது. விடுதியில் வாழும் தோழியருக்கு அது பெரும் பேறு. என்னைப் போல ஃபோர்ட்டுக் கொச்சிப் படகு, அதன்பின் பேருந்து என்று மாறி மாறி வருகிறவர்களுக்கோ, மாலை ஆறு மணிக்கே நூலகம் மூடிவிட்டது போலத்தான். வகுப்பு முடிவது நான்கு மணிக்கு. மேற்கோள் நூல்களை வெளியே எடுத்துச் செல்ல இடமில்லை; உள்ளே இருந்தே படிக்கவேண்டும். இரண்டு மணி நேரத்தில் எதைப் படிப்பது, எதைக் குறிப்பெடுப்பது? திறந்திருக்கும் நூலகத்தின் வாசலில், படிக்க நேரமில்லாமல் நிற்பதும் ஒருவகை வறுமையே!

இதைப் பற்றி நாங்கள் சிலர் கூடி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். நூலகர் எங்களை அழைத்துப் பொறுமையாகக் கேட்டார். “மாலையில் எடுத்துச் சென்று மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் திருப்பித் தருவதாக இருந்தால், மேற்கோள் நூலையும் தருகிறேன், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் அடுத்தவர் வாய்ப்புக் கெடும், நினைவிருக்கட்டும்” என்றார். அன்று முதல் என் பையில் தடித்த நூலொன்று படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்து, இரவு தங்கி, மறுநாள் படகேறித் திரும்பிச் செல்லுகிறது. இச்சலுகை இருப்பதையே அறியாத பகல்நேர மாணவர்கள் நம்மிடையே இன்னும் பலர் உள்ளனர். அவர்களுக்காகவே இதனை இங்கே எழுதுகிறேன். கேட்டால் கொடுப்பார்கள், கேட்கவேண்டும்.

இந்த நேரச் சிக்கலை எண்ணும்போது எனக்கு ஒருவர் நினைவு வருகிறது. அவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த தமிழர், கணிதப் பேராசிரியர், பெயர் சீ. இரா. அரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக அமர்த்தியது. புத்தகங்களுக்கு நடுவே தனியே உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல், பழைய ஆசிரியப் பணிக்கே திரும்பிவிட விரும்பினாராம்! பல்கலைக்கழகம் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிற்று. அங்கே நூலகங்கள் மக்களுக்கு உழைக்கும் முறையைக் கண்டு, மனம் மாறித் திரும்பினார். பிறகு அவர் செய்தவை உலகம் அறிந்தவை. 1931-ல் ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவர் நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகர் நேரத்தைக் காத்திடு, நூலகம் வளரும் உயிர் என்பவை அவை. இவ்வளவுதான். படித்தால் ‘இதில் என்ன புதுமை?’ என்று தோன்றும். நடைமுறையில் இறங்கினால் அல்லவா ஒவ்வொன்றும் மலையாக நிற்பது தெரிகிறது! உலகத்துப் பல்கலைக்கழகங்களில் நூலகவியல் படிக்கும் மாணவர்களெல்லாம் பயிலும் விதிகளைத் தந்தவர் சீர்காழிக்காரர் என்பது நமக்குப் பெருமை. அந்த விதிகள் நம் நூலகத்தில் எந்த அளவுக்கு வாழ்கின்றன என்று பார்ப்பது நம் கடமை.

அடுத்து, ஆராய்ச்சி இதழ்கள். அறிவியல் துறைத் தோழி ஒருத்தி ஆராய்ச்சி செய்கிறாள். தனக்கு வேண்டிய கட்டுரை வெளிநாட்டு இதழில் இருக்கும். அதன் விலையோ எட்டாக்கனியாக இருக்கும். வெளிநாட்டில் படிக்கும் நண்பருக்கு எழுதிக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவ நூலகங்களும் இதழ் வாங்கப் பணமின்றித் தவித்தன. அதற்காகவே உலகச் சுகாதார நிறுவனம் பதிப்பகத்தாருடன் பேசி, 2002-ல் ஹினாரி என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஏழை நாட்டு நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்கள் விலையின்றியோ குறைந்த விலையிலோ கிடைத்தன. நம் நாட்டில் இப்போது புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று பெயர். 2025 சனவரி முதல் நடக்கிறது. மூன்றாண்டுகளுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, அரசு நடத்தும் 6,300 நிறுவனங்களின் மாணவர்கள் படிக்கலாம். என் தோழி இப்போது எவரையும் கெஞ்சுவதில்லை. இது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை.

ஆனால் தோழர்களே, பதின்மூன்றாயிரம் இதழ்களைக் கணிப்பொறியில் நொடிப்பொழுதில் திறக்க முடிகிற அதே கட்டடத்தில், ஒரு தமிழ் நூலைத் தேடி நான் மூன்று வாரம் அலைந்தேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

தமிழில் முதன்முதலில் அச்சான நூல்களில் ஒன்று கொச்சியில் அச்சானது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ் எழுத்துக்களால் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. மறு ஆண்டே, 1579-ல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூல் கொச்சியில் அச்சாயிற்று. அண்டிரிக்கி அடிகளார் என்று தமிழ் மக்கள் அழைத்த போர்த்துகீசியப் பாதிரியாரின் முயற்சி அது. இந்தியாவின் வேறெந்த மொழி எழுத்தும் அச்சேறாத காலம். அப்போது, என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், தமிழ் எழுத்துக்களை ஈயத்தில் கோத்து அச்சடித்திருக்கிறார்கள்! இதைக் கேள்விப்பட்ட நாள் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த நூல்களைப் பற்றித் தனிநாயக அடிகள் முதலிய அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனை நம் மன்றக் கூட்டத்தில் ஒரு பேச்சாகப் பேசலாம் என்று எண்ணித் தமிழ் அச்சு வரலாறு பற்றிய நூலைத் தேடி நூலகத்துக்குப் போனேன்.

கணிப்பொறியில் தேடினேன். “அப்படி ஒரு நூல் இல்லை” என்றது. பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டேன். அவரும் கணிப்பொறியைப் பார்த்து “இல்லை” என்றார். கணிப்பொறி இல்லையென்றால் நூல் இல்லை என்பதே இக்காலத்து நம்பிக்கை.

மூன்றாம் வாரம் என் நல்வினை, வேறொரு சேச்சி அந்த இடத்தில் இருந்தார். நூலகத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றுகிறவர். “மோளே, கணிப்பொறியை விடு. என்னோடு வா” என்று மூன்றாம் தளத்தின் கோடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே தமிழ் நூல்களின் அலமாரிகள் இருந்தன. தூசி தட்டித் தட்டிப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் நான் தேடிய நூல் என் கையில் இருந்தது! பின்னட்டையில் ஒட்டிய தேதிச்சீட்டில் கடைசி முத்திரை 1998.

இருக்கும் நூலைக் கணிப்பொறி ஏன் இல்லை என்றது? அதற்குக் காரணம் வேடிக்கையானது, வேதனையானதும் கூட. தமிழ் நூல்களின் பெயர்கள் கணிப்பொறியில் ஆங்கில எழுத்துக்களால் பதியப்பட்டிருக்கின்றன. ‘அச்சு’ என்பதை எப்படி எழுதுவது? ஒருவர் ‘சி’, ‘எச்’ என்று ஒருமுறை எழுதுவார். இன்னொருவர் அதையே இரட்டித்து எழுதுவார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் முறையைப் பின்பற்றுகிறவரோ, ‘எச்’ இல்லாமல் இரண்டு ‘சி’ போடுவார். நமக்கு மூன்றும் ஒரே சொல்; கணிப்பொறிக்கு மூன்றும் மூன்று சொற்கள். சிலப்பதிகாரம் ‘எஸ்’ வரிசையிலும் இருக்கலாம், ‘சி’ வரிசையிலும் இருக்கலாம். நம் ழகரம் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ‘வாழ்க்கை’ என்று தொடங்கும் நூல்களைத் தேடிப் பாருங்கள்; வாழ்க்கை மூன்று வகையாய்ப் பிரிந்து கிடப்பதைக் காண்பீர்கள்! சேர மன்னனின் தம்பி பாடியது என்று மரபு சொல்லுகின்ற காப்பியம், சேர நாட்டு நூலகத்திலேயே எந்த எழுத்தில் தேடுவது என்று தெரியாமல் ஒளிந்து கிடக்கிறது.

நான் சேச்சியிடம் சற்று வருத்தத்தோடுதான் கேட்டேன், “ஏன் இப்படி?” என்று. அவர் சொன்ன மறுமொழி என் சினத்தை ஆற்றிவிட்டது.

“மோளே, எனக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்து அறியேன். அட்டையில் ஆங்கிலத்தில் ஏதேனும் இருந்தால் அதைப் பார்த்துப் பதிவேன். இல்லையென்றால் பழைய வரவுப் பதிவேட்டில் யாரோ எழுதிவைத்ததைப் பார்த்துப் பதிவேன். தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் தினக்கூலிக்கு வருகிறவர்கள். அவர்கள் வேலையைக் கற்றுக்கொள்வதற்குள் தவணை முடிந்துவிடும். மாணவர்கள் வந்து ‘நூல் இல்லையா?’ என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போகிறார்கள். நூல் இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் கை போதவில்லை.”

தோழர்களே! நாம் வரிசையில் நின்று முணுமுணுக்கும்போது, மேசைக்கு அந்தப்புறம் இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறார் என்று எண்ணியதுண்டா? ஒரு கையால் நூலைப் பெற்று, மறுகையால் நூலைக் கொடுத்து, நடுவே தொலைபேசிக்கும் மறுமொழி சொல்லி, மாலையில் மேசைமேல் கிடக்கும் நூல்களையெல்லாம் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் அவர் வீடு செல்லவேண்டும். நூலைத் தவறான இடத்தில் செருகிவிட்டுப் போகும் மாணவரால், அந்த நூல் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை காணாமற் போனதற்குச் சமம். சேவையின் குறை என்று நாம் சொல்லுவதில் ஒரு பங்கு ஆள் குறை. ஒரு பங்கு பணக் குறை. ஒரு பங்கு நம் குறை.

சேச்சி இன்னொரு செய்தியும் சொன்னார். அதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. புதிய நூல்களுக்கு இடம் வேண்டும். ஆதலின், பல ஆண்டுகளாக எவரும் எடுக்காத நூல்களைக் கணக்கெடுத்துக் கீழே உள்ள இருட்டறைக்கு மாற்றப் பட்டியல் போடுகிறார்களாம். அந்தப் பட்டியலில் தமிழ் அலமாரிகள் முழுவதும் இருக்கின்றனவாம்! “எடுப்பார் இல்லை என்று கணக்குக் காட்டுகிறது, மோளே. கணக்கை நான் எப்படி மறுப்பது?” என்றார்.

எண்ணிப் பாருங்கள். தேடினால் கிடைப்பதில்லை, கிடைக்காததால் எடுப்பதில்லை, எடுக்காததால் வேண்டாதது என்று முடிவு. இருட்டறைக்குப் போனால் இன்னும் கிடைக்காது. இந்த வட்டத்தை யார் எங்கே உடைப்பது? நூலகத்தின்மேல் குற்றம் சாட்டித் தீர்மானம் போடுவது எளிது. ஆனால் இடம் குறைவு என்பது மெய். ஆள் இல்லை என்பதும் மெய். எடுப்பார் இல்லை என்று காட்டும் கணக்கும் பொய்க் கணக்கு அன்று. இம்மூன்றையும் ஒப்புக்கொண்டு, நம்மால் ஆவதைச் செய்வதே அறிவுடைமை.

அங்ஙனம் எண்ணியே மன்றத்தார் நாங்கள் பதினொரு பேர் நூலகரைக் கண்டோம். இரண்டு காரியங்களை ஏற்றுக்கொண்டோம். ஒன்று, ஒவ்வொருவரும் மாதம் இரண்டு தமிழ் நூல்களாவது முறைப்படி பதிந்து எடுத்துப் படிப்பது. மற்றொன்று, சனிக்கிழமை காலைகளில் அலமாரிகளுக்கு முன் அமர்ந்து, ஒவ்வொரு நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பட்டியலாக்கிக் கொடுப்பது. நம் நூலகம் கையாளுகின்ற ‘கோஹா’ என்னும் கணிப்பொறி முறைமை தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கும். அது நியூசிலாந்தில் பிறந்து, எவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி உலகுக்கு அளிக்கப்பட்டது. கோஹா என்றால் அந்நாட்டு மவோரி மொழியில் கொடை என்று பொருள். கருவி இருக்கிறது, எழுத்தறிந்த கைதான் வேண்டியிருந்தது. நூலகர் மகிழ்ந்து, அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை தமிழ் அலமாரிகளை அசைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதாவது, தவணை கிடைத்திருக்கிறது, தீர்ப்பு மாறவில்லை.

இதுவரை இரண்டு அலமாரிகளை முடித்திருக்கிறோம். இன்னும் ஐந்து இருக்கின்றன. இந்த வேலையில் கிடைக்கும் இன்பத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழைய அட்டைகளைத் திறக்கும்போது முன்னாள் மாணவர்களின் கையெழுத்துக் குறிப்புகள் இருக்கின்றன. ஒரு நூலுக்குள் பழைய படகுச் சீட்டு இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குமுன் எவரோ ஒருவர் என்னைப்போலவே படகேறி வந்து இதைப் படித்திருக்கிறார்!

‘இக்காலத்தில் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றனவே; அலமாரி எதற்கு?’ என்று சில தோழர்கள் கேட்கின்றனர். இணையத்தில் நிறையக் கிடைப்பது உண்மைதான். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எவரும் படிக்கும்படி செய்திருக்கிறது. ஈழத்துத் தமிழர் 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் தொகுப்பு, தம் நாட்டு நூல்களையும் இதழ்களையும் காத்து வருகிறது. அவர்கள் அத்துணைப் பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல் எரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டவர்கள் அவர்கள். நம் அலமாரிக்கு நெருப்பு வரவில்லை, மறதிதான் வருகிறது. நெருப்பு ஒரே இரவில் முடித்துவிடுகிற வேலையை, மறதி நாற்பது ஆண்டுகளில் ஓசையின்றி முடிக்கும். இணையத்தில் ஏறாத நூல்கள் நம் அலமாரியில் எத்தனை இருக்கின்றன என்பதும், பட்டியல் முடிந்தால்தான் தெரியவரும்.

நூல் இருந்தும் பயன்படாதிருந்த கதை ஒன்று கொச்சியிலேயே உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் இந்த மண்ணின் செடிகொடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவரும், கொங்கணி அறிஞர் மூவரும் தம் அறிவை வாரிக் கொடுத்த நூல் அது. ஆனால் அச்சானது இலத்தீன் மொழியில். கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டு மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் ஆங்கிலத்திலும், 2008-ல் மலையாளத்திலும் வெளியிட்டது. முந்நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் அலமாரியில் பூட்டியிருந்த அறிவைத் திறக்க, ஒரு மனிதரின் பொறுமை போதுமாயிருந்தது. நமக்கு வேண்டியதோ முந்நூறு ஆண்டும் அன்று, மொழிபெயர்ப்பும் அன்று. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம்!

கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்று இன்று அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகிறது. கடல் கடந்தவர்கள் அதன் அருமை அறிந்து காக்கிறார்கள் என்பதில் எனக்குப் பொறாமை இல்லை, நன்றிதான் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழை அச்சிட்ட கொச்சியில், அந்த வரலாற்றைச் சொல்லும் நூலொன்றை எடுத்துப் படிக்க ஆளில்லை என்று அதை இருட்டறையில் போடலாமா?

என் அப்பத்தா இப்போது கண் மங்கி இருக்கிறார். நாட்காட்டித் தாளை அவரால் படிக்க முடிவதில்லை. நான் எடுத்துச் செல்லும் நூலை இரவில் சிறிது நேரம் அவருக்கு உரக்கப் படிக்கிறேன். சென்ற வாரம் அச்சு வரலாற்று நூலைப் படித்துக் காட்டினேன். “நம்ம ஊர்லயா ஆத்தா அச்சுப் போட்டாங்க?” என்று இருமுறை கேட்டார். நூலகத்து நூல் ஒன்று என்னோடு நிற்காமல், பள்ளிக்கூடம் பாராத ஒருவரையும் சென்றடைந்தது. “ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்” என்று அரங்கநாதன் சொன்ன விதி எத்துணை ஆழமானது என்பதை அன்றிரவுதான் உணர்ந்தேன். வாசகர் நூலகத்துக்குள் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. அவரிடம் நூலைக் கொண்டுசெல்ல ஒருவர் இருந்தால் போதும்.

எனவே தோழர்களே, என் வேண்டுகோள் மிகச் சிறியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு, நூலகத்தின் மூன்றாம் தளக் கோடியில் நாங்கள் இருப்போம். தமிழ் இலக்கியம் படித்தவர்தான் வரவேண்டும் என்பதில்லை. பொறியியல் மாணவரும் வரலாம், கடலியல் மாணவியும் வரலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பேனா நாங்கள் தருகிறோம். தூசிக்கு ஒரு கைக்குட்டை நீங்கள் கொண்டு வாருங்கள். திரும்பும்போது ஆளுக்கொரு நூலைப் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். மேசையில் இருக்கும் சேச்சியிடம் ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டுப் போங்கள். இருப்புச் சரிபார்ப்பு வரும் மார்ச்சில். ஐந்து அலமாரிகள் காத்திருக்கின்றன.